கிராவல் குவாரியில் முதலில் பாதையைக் குறியுங்கள்

புதுக்கோட்டைப் பக்கம் கிராவல் குவாரிகளில் மேட் வேலை, அதாவது வேலையை மேற்பார்வை பார்க்கும் வேலை, செய்பவன் நான். புதிதாகக் குவாரி எடுப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த மிஷினை இறக்கலாம்?" என்பதுதான். மிஷினை அப்புறம் பார்ப்போம். டிப்பர் எங்கே இறங்கி எங்கே ஏறும் என்பதை முதலில் தாளில் வரையுங்கள். மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும்.

100 மீட்டருக்கு 80 மீட்டர் பட்டா நிலம், ஏறக்குறைய 2 ஏக்கர் என்று வையுங்கள். பக்கத்துப் பட்டாவை ஒட்டி 7.5 மீட்டர் விட வேண்டும். புறம்போக்கு என்றால் 10. நான்கு பக்கமும் 7.5 விட்டாலே தோண்டக் கிடைப்பது 85-க்கு 65தான். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இதை முன்கூட்டியே கணக்குப் போடாதவர்கள்தான் கடைசியில் அடுத்தவர் வரப்பைக் குடைகிறார்கள்.

அந்த ஓரம் வீண் இல்லை. உரித்த மேல்மண்ணைக் குழி விளிம்பை விட்டுத் தள்ளி, எல்லைப் பக்கமாகக் கரை கட்டுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. பின்னால் குழியைச் சரிசெய்ய மண்ணும் கையில் இருக்கும்.

அடுத்து சரிவுப் பாதை. 16-க்கு 1 என்ற வாட்டத்தில் 3 மீட்டர் ஆழத்துக்கு இறங்க 48 மீட்டர் நீளம் வேண்டும். 85 மீட்டர் பக்கத்தில் பாதிக்கு மேல் பாதையே பிடித்துக்கொள்ளும். அதனால் நீளமான பக்கத்தில், வாசலிலிருந்து நேராக இறங்கும்படி குறியுங்கள். குழி ஆழமான பிறகு பாதைக்கு இடம் தேடினால் செங்குத்தாகத்தான் வெட்ட முடியும். ஈரத்தில் லோடு வண்டி அதில் ஏறாது. பள்ளத்துப் பக்கம் டயரின் பாதி உயரத்துக்குக் குறையாமல் மண் அணை போடுங்கள். பாதைக்கு அடியில் இருக்கும் கிராவலைக் கடைசியில் பின்வாங்கிக்கொண்டே எடுத்துக்கொள்ளலாம்.

குழிச் சுவரைப் படிப்படியாக வெட்டும்போது படி உயரம் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. படி வேண்டாமென்றால் 45 டிகிரிக்கு மிகாத சரிவு. 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை சொல்வது இது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, வேலைக்கே இதுதான் வசதி. பொக்லைன் படிமேல் நிற்கட்டும், டிப்பர் கீழே நிற்கட்டும். பக்கெட்டை வீணாக உயரத் தூக்க வேண்டியதில்லை, டீசல் மிச்சம். பொக்லைனில் கேபின் இடது பக்கம் இருப்பதால் டிப்பரையும் இடது பக்கமே நிறுத்துங்கள். ஆபரேட்டருக்குப் பாடி முழுசாகத் தெரியும். பொக்லைன் கை சுழல்வது 90 டிகிரிக்குள் இருக்கட்டும்.

பொக்லைன் ஓடும் செயின் விளிம்பை நோக்கி நேராக இருக்க வேண்டும், பக்கவாட்டில் அல்ல. செயினை ஓட்டும் டிரைவ் மோட்டார் பின்னால் இருக்கட்டும். மண் அசைந்தால் ஒரே இழுப்பில் பின்னால் வந்துவிடலாம். அடியைக் குடைந்து மேலே தொங்கவிடும் வேலை எந்த அவசரத்திலும் வேண்டாம். காய்ந்த கிராவல் சுவர் மாதிரி நிற்கும். ஒரு மழை பெய்தால் மொத்தமாகச் சரியும். மழை விட்ட காலையில் மிஷினை ஏற்றும் முன் விளிம்பை நடந்து பாருங்கள். ஓரத்துக்கு இணையாக மெல்லிய வெடிப்பு ஓடினால், அங்கே மேலேயும் கீழேயும் ஆளோ வண்டியோ வேண்டாம்.

சல்லடை வைப்பதானால் கிழக்கே வீடு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடித்து, புழுதி முழுவதும் அந்தப் பக்கம்தான் போகும். டிப்பர் பாடி தூக்கும் இடத்துக்கு மேலே மின்கம்பி இருக்கவே கூடாது. டீசல் பேரல் வாசல் பக்கம், வண்டி திரும்பும் இடத்தை விட்டுத் தள்ளி.

தண்ணீர்க் குழியைப் பாதை இறங்கும் இடத்துக்கு எதிர் மூலையில் வெட்டி, தரை வாட்டத்தை அதை நோக்கி வையுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குப் படிமேல் ஒரு மேடை கட்டிவிடுங்கள்.