மே மாதத்தில் வீடு முடிக்காதீர்கள்: குமரி மாவட்டத்துக்குக் குடிவருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் குருகிராமிலிருந்து அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். புரோக்கர் எடுத்தது. நாகர்கோவிலுக்கு வெளியே நாலைந்து கிலோமீட்டரில் புது வீடு. மூன்று பக்கமும் திறந்த வெளி, தூரத்தில் மலை. “மாமா, எடம் எப்படி? அட்வான்ஸ் போட்டுரட்டுமா?” என்று கேட்டிருந்தான்.

பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. 2014 மே மாதம் பம்பாய்ப் பக்கத்து டோம்பிவிலியிலிருந்து வந்து நான் முடித்த வீடும் அப்படியே இதுபோலத்தான் இருந்தது. அதே மலை, அதே வெளி, அதே அவசரம்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், பழைய பம்பாய் நண்பர்கள் என்று பதினைந்து குடும்பங்களுக்காவது இங்கே வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறேன். வருகிற எல்லோரும் ஏறக்குறைய நான் செய்ததையே செய்யப் போகிறார்கள், நான் நடுவில் போய் நின்று தடுக்க வேண்டியிருக்கிறது. வாடகையை நாலு பேரிடம் விசாரிப்பது, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே செய்வீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வெயிலில் வந்து, வயலில் வீடு பிடிப்பது

குடும்பத்தோடு ஊர் மாறத் தோதான காலம் ஏப்ரல், மே. பிள்ளைகளுக்கு லீவு. அதனால் வீடு பார்ப்பதும் அப்போதுதான் நடக்கிறது. ஆனால் குமரி மாவட்டத்தில் ஓர் இடத்தின் குணம் கொஞ்சம்கூட வெளியே தெரியாத மாதம் மே. இங்கே நெல் இரண்டு போகம்: கும்பப்பூ, கன்னிப்பூ. கும்பப்பூ அறுவடை மாசி, பங்குனியிலேயே முடிந்திருக்கும். கன்னிப்பூவுக்கு அணைத் தண்ணீர் வழக்கமாக ஜூனில்தான் திறப்பார்கள். நடுவே வயல் கட்டாந்தரையாகக் கிடக்கும், பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். நான் வீடு பார்த்த அன்றும் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மகன் ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டான். ஏழாவது மாடியில் வளர்ந்த பிள்ளை. அவன் ஓடியதைப் பார்த்த பத்து நிமிடத்தில் நான் வீட்டைப் பேசி முடித்துவிட்டேன்.

ஒத்திக்குத்தான் எடுத்தேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது ஒத்தி. காலம் முடிந்ததும் தொகை திரும்ப வரும். ஆறு லட்சம், மூன்று வருடம் என்று பேச்சு.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், மதியம் முதல் படிக்கு வந்தது. வீட்டுக்குள் ஏறவில்லை, அதனால் தப்பித்தோம் என்று நினைத்தேன். சாயந்திரம் கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் திரும்பி மேலே வந்தது. செப்டிக் டேங்க், கிணறு இரண்டுமே தண்ணீருக்கு அடியில். ஊருக்குள் அண்ணன் வீட்டில் ஒன்பது நாள் இருந்தோம். வெள்ளம் வடிந்து திரும்பிய பிறகு கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தோம், போதும் என்று நம்பிக் குடித்தோம். சின்னவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை.

அடுத்த வருடமும் அதே கதை. 2015 டிசம்பரில் வெளியேறினோம். வீட்டுக்காரரிடம் பணத்தைக் கேட்டால், “மூணு வருஷம்னுதானே பேசுனோம்” என்றார். பத்திரம் வெறும் முத்திரைத்தாளில் எழுதியது, பதிவு செய்யவில்லை. ஆறு லட்சம் அங்கே மாட்டிக்கிடக்க, வேறு வீட்டுக்கு மாதம் 8,000 வாடகை. 18 மாதத்துக்கு 1,44,000 ரூபாய். பணத்தைக்கூட ஆற்றிக்கொண்டேன். மஞ்சள் பூத்த கண்ணோடு பிள்ளை படுத்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

பின்னால் ஒருநாள் பால்காரரிடம், “இங்கே வெள்ளம் ஏறும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று வருத்தப்பட்டேன். “நீங்க கேக்கலியே அண்ணாச்சி” என்றார். உண்மைதான். நான் புரோக்கரிடம் மட்டும்தான் கேட்டிருந்தேன்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த இடத்தைப் பார்க்கும்போது கண்ணுக்குப் பிடிபடும். நாஞ்சில் நாட்டு வயல்கள் தட்டுத்தட்டாக இறங்குபவை. மேல் வயலின் தண்ணீர் மடை வழியே கீழ் வயலுக்குப் போகும். அங்கிருந்து ஓடை, குளம், கடைசியில் பழையாறு. நடுவில் ஒருவர் ஐந்து சென்ட் மனையில் மூன்றடி மண்ணடித்து உயர்த்தி வீடு கட்டுகிறார். மடை அடைபடுகிறது, தண்ணீர் பக்கத்து மனைக்குத் திரும்புகிறது. பக்கத்துக்காரர் கட்டும்போது நாலடி அடிக்கிறார். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் ரோடு கொஞ்சம் உயர்கிறது. பத்து வருடத்தில், முதலில் கட்டியவர் வீடு பள்ளத்தில் நிற்கிறது. அடித்தது செம்மண்தான், ஆனால் அதற்குக் கீழே இருப்பது வயல் களி. களிக்குள் தண்ணீர் சட்டென்று இறங்காது. மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் தேங்கி நிற்பது அதனால்தான்.

பழைய ஆட்களுக்கு இது தெரியும். ஏலாவில், அதாவது தாழ்ந்த வயல்வெளியில், நெல் போட்டார்கள், விளையில் வீடு கட்டினார்கள். இந்த மாவட்டத்தில் ‘விளை’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தென்னையும் பனையும் நின்ற மேட்டுப் புன்செய் அது. ஊர்ப்பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று அது சொல்லிக்கொடுக்கும்.

இனி நான் இப்போது எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் வாங்குங்கள். தாலுகா, கிராமம், எண் மூன்றும் இருந்தால் தமிழ்நாடு அரசின் இணையச் சேவைப் பக்கத்தில் பட்டா, சிட்டா பார்க்கலாம். நிலம் நன்செய்யா புன்செய்யா என்று அதில் இருக்கும். குருகிராமில் உட்கார்ந்தே பார்க்கிற வேலை. மனையாக வகை மாற்றியிருந்தால் பழைய பத்திரத்தில் நில விவரத்தைத் தேடுங்கள்.

அப்புறம் நேரில். அந்தத் தெருவில் இருப்பதிலேயே பழைய வீடு எது என்று பாருங்கள். அதற்கு ஐந்தாறு படி இருந்தால் கட்டியவர் காரணமில்லாமல் கட்டவில்லை. முப்பது வருடப் பழைய வீடு ஒன்றுகூட இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். மதில் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறையைத் தேடுங்கள். கீழே இரண்டடிக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். இரும்பு கேட்டின் கீழ்ப்பகுதி மட்டும் துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

கடைசியாக மனிதர்கள். “இங்கே தண்ணி ஏறுமா?” என்று கேட்டால் “ஏறாது” என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். “2021 நவம்பர் மழையில இந்தத் தெருவுல எதுவரைக்கும் தண்ணி நின்னுச்சு?” என்று கேளுங்கள். ரயில் தண்டவாளமே மூழ்கி வண்டிகள் ரத்தான மழை அது, யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கையை நீட்டிக் காட்டியே விடுவார்கள். அதே மூச்சில், “2017-ல ஒக்கிப் புயல் அடிச்சப்போ கரண்டு எத்தனை நாள் கழிச்சு வந்துச்சு?” என்றும் கேட்டுவிடுங்கள். பெட்டிக்கடைக்காரர், பால்காரர், ரேஷன் கடையில் நிற்கும் அக்காமார், இந்த மூன்று பேரில் இரண்டு பேரிடமாவது கேட்காமல் நான் இப்போது யாரையும் அட்வான்ஸ் கொடுக்க விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூரத்தை நம்புவது

“வடசேரிக்குப் பத்தே நிமிஷம்” என்று, நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு இருக்கும் இடத்தைப் புரோக்கர் சொல்வது பொய் இல்லை. அவர் உங்களைக் கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அது பத்து நிமிடம்தான். திங்கள்கிழமை காலை எட்டரைக்கு அதே வழியில் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் சுமார் 30 கிலோமீட்டர். வடநாட்டு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் அரைமணி நேரம் என்று கணக்குப் போடுகிறார்கள். கேரளம் போகும் லாரியும் பஸ்ஸும் கடைத்தெருவும் சேர்ந்து போகும் ரோடு இது. 2018-ல் பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலங்கள் வந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்குக் குறைத்து நான் யாருக்கும் சொல்வதில்லை.

உங்கள் வேலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு மாதம் இரண்டு தடவை ஓட வேண்டியவருக்குத் தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் நல்லது. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துக்கோ திருநெல்வேலிக்கோ போகிறவருக்குத் தோவாளை, ஆரல்வாய்மொழி. கூடங்குளம் என்றால் அஞ்சுகிராமம். எனக்குத் தெரிந்த ஒருவர் மகேந்திரகிரியில் வேலை கிடைத்து ராஜஸ்தானிலிருந்து வந்தார். பூர்வீகம் தக்கலை என்பதால் அங்கேயே வீடு எடுத்தார். தினமும் நாகர்கோவிலைக் குறுக்கே கடந்து போய் எட்டே மாதத்தில் களைத்துப்போய் வீடு மாறினார். ஆரல்வாய்மொழிக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று கதவை அறைந்து சாத்தும், கொடியில் போட்ட துணி தெருவுக்குப் போகும். அந்தக் காற்றை விரும்புகிறவர்களும் உண்டு. ஆடியில் ஒரு ராத்திரி அங்கே தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீடு முதலில், பள்ளிக்கூடம் அப்புறம்

வரிசையை மாற்றுங்கள். பள்ளிக்கூடத்தில் இடம் உறுதியாகட்டும். பிறகு அந்தப் பள்ளி வண்டி எந்தெந்த வழியில் போகிறது என்று டிரைவரிடம் கேளுங்கள். அந்த வழியில் வீடு தேடுங்கள். காலையில் வண்டி கடைசியாக ஏற்றும் பிள்ளை உங்கள் பிள்ளையாக இருக்க வேண்டும். முதலில் ஏறும் பிள்ளை ஆறரை மணிக்கே தெருவில் நிற்கும்.

வெளி மாநிலத்தில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு இங்கே தமிழ்ப்பாடத்தைத் தவிர்க்கவும் முடியாது. என் மகன் ஏழாம் வகுப்பில் வந்து ‘ழ’கரம் எழுதத் தடுமாறினான். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் மாலையில் சொல்லிக்கொடுத்துக் கரையேற்றினார். பிள்ளை தானாக நடந்து போகிற தூரத்தில் அப்படி ஒருவர் இருக்கும் தெரு அமைந்தால், அந்தத் தெருவுக்கு வாடகை ஆயிரம் கூடக் கொடுக்கலாம்.

தண்ணீரைக் குடித்துப் பார்க்காமல் பேசுவது

கிணற்றிலிருந்து ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். கடலோரம் என்றால் உப்புக் கரிக்கிறதா என்று மே மாதக் கடைசியில் இன்னொரு தடவை.

வந்த கையோடு மனை வாங்குவது

வேண்டாம். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள்.

மனைவி பார்க்காத வீட்டை முடிப்பது

என் மனைவி தாதரில் பிறந்து வளர்ந்தவள். கூட்டமான லோக்கல் ரயிலில் தனியாக ஏறி இறங்கி, வேலைக்குப் போய், திரும்பும் வழியில் காய்கறியும் வாங்கி வருவாள். அவளைக் கேட்காமல், வீட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டும் வராமல், வயலோரம் ஒரு வீட்டை முடித்தேன். அங்கே மினிபஸ் ஏழு மணியோடு நின்றுவிடும். கடைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. ஒரு தேங்காய் வாங்கக்கூட நான் வரும்வரை காத்திருக்க வேண்டும். வெள்ளம் வருவதற்கு முன்பே, மூன்று மாதத்தில், அவள் பேச்சு குறைந்துவிட்டது. எனக்கு அது மழைக்குப் பிறகுதான் உறைத்தது.

இப்போது இருக்கும் தெருவிலிருந்து வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போகலாம். கனகமூலம் சந்தைக்கு அவளே போய் வருகிறாள். இந்த வீடு பழையது, முற்றம் சின்னது, மொட்டை மாடியில் ஏறினால்தான் மலை தெரியும். அவள் பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

வீட்டில் பகல் முழுவதும் இருக்கப்போவது யார்? அவர் அந்தத் தெருவில் ஒருமுறை தனியாக நடந்து, கடைக்குப் போய், பஸ் ஏறிப் பார்த்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள். வயதான அப்பா அம்மா கூட வருகிறார்களென்றால் அவர்களுக்கும் இதுவே. கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, அவர்கள் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறதா என்பதை அவர்கள் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அக்கா மகனிடம், “மக்களே, மொதல்ல சர்வே நம்பர வாங்கு” என்றேன். மறுநாள் அனுப்பினான். நன்செய். 2021 நவம்பரைப் பற்றிப் புரோக்கரிடம் கேட்கச் சொன்னேன். “அதெல்லாம் பெருசா ஒண்ணும் இல்ல” என்றாராம். நேற்று அவன் மனைவியோடு என் மனைவி அரைமணி நேரம் போனில் பேசினாள். இப்போதைக்கு ஊருக்குள், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்குப் பார்த்திருக்கிறோம், பதினோரு மாதத்துக்கு. ஐப்பசியில் மழை பிடித்ததும் நாங்கள் நாலு பேரும் குடையோடு கிளம்பி ஒவ்வொரு இடமாகப் பார்க்கப் போகிறோம்.