எஸ்யூவி எஞ்சினில் நாக் சென்சாரைக் கண்டுபிடித்து மாற்றும் முறை

சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை முறைதவறி வெடித்து எரியும்போது எழும் அதிர்வை உணர்ந்து, அதை மின்னழுத்தமாக, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்கு அனுப்புவதே நாக் சென்சாரின் வேலை. அந்தச் சமிக்ஞை வந்ததும் இசியூ தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காக்கிறது. சென்சார் பழுதானாலோ, பாதுகாப்புக்காக அந்தத் தாமதத்தை இசியூ நீடித்தே வைத்திருக்கும். அதனால் இழுவை குறையும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், செக் எஞ்சின் விளக்கும் எரியும்.

இசியூ பதிவுசெய்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0325 முதல் பி0328 வரையிலான குறியீடுகள் முதல் சிலிண்டர் இருக்கும் பக்கத்தின் சென்சாரையும், பி0330 முதல் பி0333 வரையிலானவை வி வடிவ எஞ்சினின் மறுபக்கத்துச் சென்சாரையும் சுட்டும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மின்சுற்றின் கோளாற்றைக் குறிப்பவை. ஆகவே புதிய சென்சார் வாங்கும் முன் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, வயர் உரசி அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

நாலு சிலிண்டர் எஞ்சின்களில் இந்தச் சென்சார் பெரும்பாலும் பிளாக்கின் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடலின்) பக்கவாட்டில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிர்ந்தளிக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒரே போல்ட்டில் பொருத்தப்பட்டிருக்கும். வி6, வி8 எஞ்சின்கள் பலவற்றில் இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இருப்பதால், மேனிஃபோல்டைக் கழற்றியே ஆக வேண்டும். 2000 முதல் 2006 வரையிலான செவ்ரோலெட் டாஹோ எஸ்யூவியின் 5.3 லிட்டர் வி8 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அடுத்த தலைமுறையில் சென்சார்கள் பிளாக்கின் இரு பக்கங்களுக்கும் இடம்பெயர்ந்தன. மெக்கானிக்குகளுக்கு அது பெரிய நிம்மதி.

அந்தப் பழைய டாஹோவையே எடுத்துக்கொள்வோம். எஞ்சின் முழுதாக ஆறிய பின் எரிபொருள் அழுத்தத்தை வெளியேற்றி, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். மேனிஃபோல்டின் ஓரங்களில் படிந்த மண்ணை முன்னதாகவே காற்றடித்து அகற்றாவிட்டால், தூக்கும் வேளையில் அது சிலிண்டர் ஹெட்டின் துளைகளுக்குள் விழும். காற்றுக்குழாய், கனெக்டர்கள், எரிபொருள் குழாய், வேக்குவம் குழாய்கள் ஆகியவற்றைப் பிரித்து மேனிஃபோல்டை எடுத்தவுடன் துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிட வேண்டும். மீண்டும் பொருத்துமுன் அத்துணிகளை எண்ணி எடுக்கவும் மறக்கக் கூடாது.

ரப்பர் மூடிகளை நீக்கி, 22 மில்லிமீட்டர் ஆழச் சாக்கெட்டால் சென்சார்களைக் கழற்றலாம். மேலிருந்து கசியும் நீர் பின்புறக் குழியில் தேங்குவதால், துருப்பிடிப்பது பெரும்பாலும் பின் சென்சாரே. இரண்டையும், அவற்றுக்கான சிறு வயர் ஹார்னஸையும் (வயர்க் கற்றையையும்) ஒன்றாகவே மாற்றுவது புத்திசாலித்தனம். ஒரு சென்சாருக்காக இவ்வேலையை இன்னொருமுறை செய்ய யாருக்கும் மனம் வராது.

அமரும் பரப்பைத் துருவின்றித் துடைத்து, மரையில் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) எதுவும் பூசாமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 20 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும். சென்சாரின் உணர்திறன் இந்த இறுக்கத்தைச் சார்ந்தது என்பதால் இங்கே கை மதிப்பு உதவாது. பின் மூடியைச் சுற்றிச் சிலிக்கான் சீலன்ட்டால் சிறு வரப்பு கட்டி, நீர் வடியப் பின்பக்கம் மட்டும் இடைவெளி விட்டால் பழைய தொல்லை திரும்பாது.

கசிவைத் தடுக்கும் புதிய கேஸ்கட்டுகளுடன் மேனிஃபோல்டை வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக முதல் சுற்றில் 5, இரண்டாம் சுற்றில் 10 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும். பேட்டரியை இணைத்தபின், சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து எரிபொருள் கசிகிறதா என்று பார்த்துவிட்டு எஞ்சினை இயக்கலாம். குறியீடுகளை அழித்து, எஞ்சின் சூடேறும் வரை ஓட்டி மீண்டும் ஸ்கேன் செய்யும்போது அதே குறியீடு வந்தால், இசியூ வரையிலான வயரை மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும்.