'பார்' என்றால் வெர்ரா, மிராரா?

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் நம்மவர்கள் 'பார்' என்பதற்கான 'வெர்', 'மிரார்' என்ற இரு சொற்களையும் ஆங்கிலம் வழியாகவே பிரித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அங்கேதான் சிக்கல். டிவி பார்ப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் ஆங்கிலத்தில் 'வாட்ச்' என்ற தனிச்சொல் உண்டு. ஸ்பெயினில் அவற்றுக்கும் 'வெர்'தான் வழக்கம். லத்தீன் அமெரிக்காவில் டிவிக்கு 'மிரார்' என்பதும் சகஜம், அதைத் தவறென்று திருத்தப் போகாதீர்கள்.

தமிழில் யோசித்தால் இது எளிது. நம்மிடம் 'தெரி' இருக்கிறதே! "பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை" என்கிறோம். ஸ்பானிஷில் "மிரே, பெரோ நோ வி நாதா." கண்ணைத் திருப்பியது 'மிரார்', கண்ணுக்குத் தெரிவது 'வெர்'. இருட்டறையில் "நோ மிரோ நாதா" என்றால், எதையும் பார்க்காமல் இருக்கிறேன் என்று ஆகிவிடும்.

ஆனால் ஆளைப் போய்ப் பார்ப்பதும், காட்சியைக் காணப் போவதும் 'வெர்'. மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்துக்கு, வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தை 'வெர்' செய்யப் போகிறோம். அதன் முன்னால் கால் மணி நேரம் அசையாமல் நின்றால் அது 'மிரார்'. (ஓவியத்துக்குள் இருந்து வெலாஸ்கெஸும் நம்மை 'மிரார்' செய்துகொண்டுதான் இருக்கிறார்.)

பார்க்கப்படுவது ஆளானால் நடுவே 'அ' வேண்டும்: "வி அ மரியா." நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' மாதிரிதான், ஆனால் பொருள்களுக்குப் பொதுவாக வராது. இதை விடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை.

சாவியைத் தேட 'புஸ்கார்' போதும், பின்னால் எந்த ஒட்டும் வேண்டாம். ஆங்கில 'லுக் ஃபார்' பழக்கத்தில் "மிரார் போர்" என்றால், சாவியின் நலனைக் கவனித்துக்கொள்கிறீர்கள் என்று பொருள். "களைப்பாகத் தெரிகிறான்" என்பதற்கோ "பரேசே கன்சாதோ". மெக்சிகோ போன்ற நாடுகளில் "சே வே கன்சாதோ"வும் கேட்கலாம். "மிரா கன்சாதோ" கூடாது.

அப்புறம் எழுத்து. 'வி', 'வியோ' என்ற இறந்தகால வடிவங்களுக்கு மேலே கோடு போடாதீர்கள். பழைய புத்தகங்களில் இருக்கும், 1959 எழுத்து விதிகளோடு அது போய்விட்டது. "எங்கே, பார்ப்போம்" என்னும் 'அ வெர்', 'இருக்க' என்னும் 'அபெர்' இரண்டும் காதுக்கு ஒன்றே, ஏனென்றால் ஸ்பானிஷில் v, b இரண்டுக்கும் ஒரே ஒலி. இந்த இரண்டையும் எழுத்தில் குழப்புவதில் ஸ்பெயின்காரர்களே முன்னணியில் நிற்கிறார்கள்.