சர்வரில் ஒரு நேரம், பிரவுசரில் ஒரு நேரம்

பஸ் டிக்கெட் தளம் ஒன்றில் ரியாக்ட் 18 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வைத்துப் பக்கங்களை சர்வரிலேயே உருவாக்கி அனுப்புகிறோம். அதே கோடுதான் பிரவுசரிலும் ஓடும். சில பயணங்களுக்கு மட்டும் தேதி ஒரு நொடி தப்பாகத் தெரிந்து மாறியது, கன்சோலில் ஹைட்ரேஷன் எச்சரிக்கை, அதாவது சர்வர் அனுப்பியதும் பிரவுசர் உருவாக்கியதும் ஒத்துப்போகவில்லை என்பது.

என் லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருந்தது. நேர மண்டலத்தைக் குறிக்கும் டிஇசட் என்ற சூழல் மாறியை யுடிசி (உலகப் பொது நேரம்) ஆக்கி சர்வரை ஓட்டியதும் அதே கோளாறு வந்துவிட்டது. இந்திய நேரப்படி மார்ச் 5 அதிகாலை 2:00 மணி பஸ், யுடிசியில் மார்ச் 4 இரவு 8:30. பயணி தப்பான நாளில் போய் நிற்கக்கூடிய விஷயம் இது.

எச்சரிக்கையை அடக்க ரியாக்ட்டில் ஒரு ப்ராப் (கூறுக்குக் கொடுக்கும் அமைப்பு) உண்டு. அது வாயை மூடுமே தவிர எழுத்தைத் திருத்தாது, அதனால் தொடவில்லை. தேதியை வடிவமைக்கும் இடத்தில் 'ஏசியா/கொல்கத்தா' என்று நேர மண்டலத்தையும், தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ் லொகேலையும் (மொழி, வட்டார அமைப்பு) வெளிப்படையாகக் கொடுத்தேன். தேதி மாறாமல் நின்றது.

அப்புறமும் ஆங்கிலப் பக்கத்தில் எச்சரிக்கை வந்தது. சர்வர் தந்தது, பிரவுசர் தந்தது என இரண்டு எழுத்துகளையும் கண்ணால் பார்த்தால் ஒன்றுதான். யூனிகோட் எண்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது: தேதி, நேரத்தை மொழிக்கேற்ப வடிவமைக்கும் ஐசியு நூலகத்தின் 72ஆம் பதிப்பு முதல் ஆங்கிலத்தில் 'பிஎம்'முக்கு முன்னால் வருவது சாதாரண இடைவெளி அல்ல, குறுகிய உடையா இடைவெளி. சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடில் ஒரு பதிப்பு, பிரவுசரில் வேறு பதிப்பு. இப்போது சர்வரே நேரத்தை எழுத்தாக்கி, ஆரம்பத் தரவோடு அனுப்புகிறது. பிரவுசர் அதை அப்படியே காட்டுகிறது.