சைக்கிள் ஷெட்டில் டெம்போ நிறுத்தப் போவதில்லை

தொழிற்சாலைகளுக்கும் ஆபீஸ் வளாகங்களுக்கும் ஷெட் போட்டுத் தரும் வேலை என்னுடையது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பசங்கள் ஊழியர்களுக்கான சைக்கிள் ஷெட் என்று வரைந்து கொண்டுவருவதைப் பார்த்தால், ஒரு காலத்தில் நாங்கள் செய்த தப்புகளெல்லாம் திரும்ப வரிசையில் வந்து நிற்கின்றன. தரைக்கு கான்கிரீட் போடாமல் விடுவது, கம்பத்துக்கு ரெட் ஆக்சைடு அடிக்காமல் விடுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொன்னாலும் காதில் ஏறாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

உயரம்

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். சைக்கிள் நிற்கப் போகும் ஷெட்டை 11 அடி, 12 அடி என்று தூக்கிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், "பின்னாடி தேவைப்பட்டா டெம்போ நிறுத்திக்கலாம் சார்." இல்லையென்றால், "காற்றோட்டமா இருக்கும்." சைக்கிளுக்கு எதற்கய்யா காற்றோட்டம்?

மழை செங்குத்தாகப் பெய்தால் கூரை எந்த உயரத்தில் இருந்தாலும் சரிதான். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை அப்படியா பெய்கிறது? வடகிழக்குக் காற்றோடு சாய்ந்து அடிக்கிறது. செங்குத்திலிருந்து சாய்வு 30 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். சைக்கிள் சீட் தரையிலிருந்து சுமார் 3 அடி. கூரை விளிம்பு 11 அடியில் இருந்தால் இடையில் 8 அடி. சாரல் சீட் மட்டத்துக்கு இறங்குவதற்குள் நாலரை அடி உள்ளே வந்துவிடும். சாதாரண சைக்கிள் ஆறேகால் அடி நீளம். முன்சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் விட்டு நிறுத்தினால், சீட் இருப்பது விளிம்பிலிருந்து இரண்டரை அடியில். ஆக, 7 அடி ஆழமுள்ள ஷெட்டில் நனையாமல் தப்பிப்பது பெல் மட்டும்தான்.

அதே விளிம்பை ஏழரை அடிக்கு இறக்கிப் பாருங்கள். சாரல் இரண்டரை அடி சொச்சத்தில் நின்றுவிடும். கூரையை ஒன்றரை அடி முன்னால் நீட்டிவிட்டால் சீட் முழுசாகத் தப்பிக்கும். ஆள் நிமிர்ந்து நடக்க ஏழரை அடி தாராளம். கம்பம் குட்டையாவதால் இரும்பும் மிச்சம்.

அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனி. வேறு யாரோ போட்ட ஷெட்டைச் சரி செய்ய எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பக்கச் சாய்வுக் கூரை. கேட்டிலிருந்து பார்த்தால் கம்பீரமாகத் தெரியட்டும் என்று உயர்ந்த பக்கத்தை கேட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். கேட் இருந்ததோ வடகிழக்கில். மழை தொடங்கியிருந்த நேரம். சீட்டுக்குச் சீட் கேரி பேக் மாட்டி, அடியில் முடிச்சுப் போட்டிருந்தது. கட்ட மறந்த ஒரு சைக்கிளின் ரெக்சின் தையல் விட்ட இடத்தில் ஸ்பாஞ்ச் தண்ணீர் குடித்திருந்தது. விரலால் அழுத்தினால் கொப்பளித்துக்கொண்டு வந்தது. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி அதில் உட்கார்ந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். பெண்கள் சிலர் கேன்டீன் வராந்தாவில் வண்டியை ஏற்றி வைத்தார்கள். உடனே அங்கே நிறுத்தக்கூடாது என்று நோட்டீஸ். ஷெட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் காரில் வருபவர், அவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் முன்பக்கம் நெடுக மூன்றரை அடிக்கு ஷீட் தொங்கவிட்டோம். அதற்குத் தனி ஃபிரேம், தனி ஷீட், சாரம் கட்டி வெல்டிங். முதலிலேயே தாழ்த்திப் போட்டிருந்தால் இந்தச் செலவே கிடையாது. டெம்போ? இன்றுவரை ஒன்றுகூட நிற்கவில்லை.

திசையும் இதோடு சேர்ந்ததுதான். சென்னைப் பக்கம் வடக்கையும் கிழக்கையும் அடைத்து, தெற்கைத் திறந்து விடுங்கள். மேற்கைத் திறந்தால் மழைக்குப் பரவாயில்லை, ஆனால் சாயங்கால வெயில் டயரைக் காய்ச்சும். கோவைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும். அங்கே மேற்கு வாசல் இரண்டு வகையில் தொல்லை. சாய்வுக் கூரையின் தாழ்ந்த பக்கம்தான் திறப்பைப் பார்க்க வேண்டும். அப்படி வைத்தால் கூரைத் தண்ணீர் வாசலில் கொட்டும், அதனால் அங்கே தகரக் காவா கட்டாயம்.

கோவை டிராயிங்கைச் சென்னையில் போடுவது

கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்று வேகத்துக்கான ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதிப்படி கோவைக்கு வினாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. ஐம்பது என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் வித்தியாசம் ஒன்றரை மடங்குக்கும் மேல். பக்கம் திறந்த ஷெட்டைக் காற்று அடியிலிருந்து தூக்கும், மேலிருந்து இழுக்கும், இரண்டும் ஒரே நேரத்தில். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது இதைச் சென்னை நேரில் பார்த்தது. ஆகவே கோவையில் நிற்கிற ஷெட் என்பதற்காக கம்பத்தின் அடியில் வைக்கும் அதே பேஸ் பிளேட், அதே போல்ட் என்று இங்கே கொண்டுவராதீர்கள். ஓரத்து ஷீட்டுக்கு ஸ்க்ரூ நெருக்கமாக அடியுங்கள்.

முன்சக்கரம் சொருகும் ரேக்

வேண்டாம். பக்கத்து வண்டி சாய்ந்தால் ரிம் கோணும். நம்மூர் சைக்கிளில் ஸ்டாண்டும் பின்சக்கரப் பூட்டும் கூடவே வருகின்றன. அதற்குத் தேவை சமமான தரையும், ஒரு வண்டிக்கு இரண்டரை அடி இடமும்தான். ஸ்டாண்ட் இல்லாத கியர் சைக்கிள்களுக்கு மட்டும் ஓர் ஓரத்தில் கவிழ்த்த ‘ப’ வடிவத்தில் பைப் நட்டு விடுங்கள், ஃபிரேமையே பூட்டிக்கொள்வார்கள்.

இடம்

பஞ்சிங் மெஷினுக்கும் கேட்டுக்கும் நடுவே. ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் போட்டால் ஸ்கிராப்தான் வந்து சேரும்.

பைக்

ஒன்றை உள்ளே விட்டால் போச்சு.

விளக்கு

ஸ்விட்ச் செக்யூரிட்டி ரூமுக்குள் இருக்கக்கூடாது.