கொங்கு நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கர்ப்பத் தொடக்கத்தில் லேசாகத் தீட்டுப் பட்டால்

இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குடிவந்திருக்கிறீர்கள். நாள் தள்ளிப்போய்ச் சில வாரம்தான் ஆகிறது. உள்ளாடையில் லேசாக இரத்தக் கறை. உடனே கரு கலைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு இப்படிப் படுகிறது, பாதிப்பேருக்கு மேல் நல்லபடியாகப் பிள்ளை பிறக்கிறது. ஆனாலும் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

இங்கே "லேசா தீட்டுப் படுதுங்க" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். "கடைசியா எப்பங்க தலைக்குக் குளிச்சீங்க?" என்று கேட்டால் மாதவிலக்கைத்தான் கேட்கிறார்கள். குளித்த நாளை அல்ல, இரத்தம் பட்ட முதல் நாளின் தேதியைச் சொல்லுங்கள். வாரக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். தேதி பிசகினால் வாரக் கணக்கும் ஸ்கேனில் தெரியும் வளர்ச்சியும் ஒத்துப்போகாமல் வீண் பயம் வரும்.

வெள்ளை நாப்கின் வைத்து, மாற்றும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுப்பா, ரோஸா, சிவப்பா, கட்டி விழுந்ததா என்று பாருங்கள். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்தாலோ, தோள்பட்டை நுனி வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. கரு கருப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் கறை சிறிதாக இருக்கும்போதே வயிற்றுக்குள் இரத்தம் பெருகும். ஆம்புலன்சுக்கு இலங்கையில் 1990, மலேசியாவில் 999 என்று அழைத்தவர்களுக்கு இங்கே எண் 108. கோவை, திருப்பூர், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ராத்திரியிலும் பிரசவப் பிரிவு உண்டு.

ஸ்கேனுக்கு மருத்துவர் சீட்டும் பாஸ்போர்ட் நகலும் கொண்டுபோங்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஆணா பெண்ணா என்று கேட்பதே குற்றம். ஆறு வாரத்துக்கு முன்பு இதயத்துடிப்பு தெரியாமல் போகலாம். அப்போது 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை இரத்தத்தில் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள், பிறகு மறுஸ்கேன்.

இரத்த வகை அட்டை கையில் இருக்கட்டும். நெகட்டிவ் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; பிள்ளையின் இரத்தத்துக்கு எதிராக உங்கள் உடலில் எதிர்ப்புப் பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போடவேண்டும்.

மெடிக்கலில் நீங்களாக ஹார்மோன் மாத்திரை வாங்காதீர்கள். வலிக்கு பாராசிட்டமால் போதும், புரூஃபன் வேண்டாம். அக்கம்பக்கத்தில் பப்பாளி, ஸ்கூட்டர் என்று காரணம் சொல்வார்கள். மனம் நோகாதீர்கள் அம்மணி. தொடக்கத்தில் கலையும் கருவில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறால் கலைபவை. படுத்தே கிடந்தாலும் அதைத் தடுக்க முடியாது.