ஐடிலில் நடுங்கும் என்ஜின்: முதலில் காயிலைப் பாருங்கள்

கடலூர் தேவனாம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிறுத்திவைக்கப்படும் பெட்ரோல் கார் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் நிற்கும் வண்டியில் என்ஜின் ஓடும்போது) நடுங்கி, விட்டுவிட்டு இயங்கினால், உதிரிபாகம் வாங்குவதற்கு முன் என்ஜினை அணைத்து ஆறவிட்டு, இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) கனெக்டர்களில் உப்புக்காற்றால் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கான்டாக்ட் கிளீனர் தெளித்துக் காயவிட்டாலே சில வேளைகளில் கோளாறு நீங்கிவிடும்.

நீங்காவிட்டால், சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டிகளில் எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டியின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் பி0302 என்று காட்டினால் இரண்டாம் சிலிண்டரில் கோளாறு என்று பொருள். அதன் காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றி, பழைய பதிவை அழித்து ஓடவிட்டபின் பி0303 வந்தால் பழுது காயிலில்தான் இருக்கிறது. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் ஆராய வேண்டும்.

செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தயவுசெய்து வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, காயிலைவிடப் பன்மடங்கு விலையுள்ள அதைப் பாழாக்கிவிடும்.